கொசுவலை டாக்டரும் டிரையர் மேடையும்

போன வாரம் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெண் பெட்டியை மூடி, ஒட்டுநாடாவைச் சுருளிலிருந்து ‘சர்ர்ரக்’ என்று இழுத்தாள். அவ்வளவுதான். பழத்தின் வாசனை போனது, மூடுபனி போனது, முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்தும் போனது. எதிரில், பழைய நினைவிலிருந்து எழுந்து, கொசுவலை டாக்டர் நின்றார்.

கேமரன் மலை தோன்றிய நாள்முதல் இங்கே சொந்தக் காசில் கொசுவலை வாங்கிய ஒரே மனிதப் பிறவி அவர்தான். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவும் நான் தயார். எங்கள் குளிருக்குக் கொசு வராது. தப்பித் தவறி வந்தாலும் கடிப்பதற்கு முன் ஒரு சுவெட்டர் கேட்கும். தானா ராத்தா டவுன் கடைக்காரர் எந்தக் காலத்திலோ வாங்கிப் பரணில் போட்டிருந்த சரக்கைத் தும்மிக்கொண்டே இறக்கினாராம். அங்கே நடந்த பேச்சு மறுநாளே எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது.

“இங்க ஏதும்மா கொசு?”

“கொசு வேணாம். வலை மட்டும் போதும். ரெண்டு குடுங்க.”

“ரெண்டா? வூட்ல எத்தன பேருலா?”

“நான் ஒருத்திதான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். வலைக் கண்ணு ஒரு நூல்கூட மாறக் கூடாது.”

அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் செத்தது. அது ஒரு நல்ல பெயர். சரஸ்வதியின் பெயர்களில் ஒன்று. யாரும் பயன்படுத்தவில்லை.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கீழே சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துப் படித்து டாக்டரானவர். ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லி உடம்பு, இரண்டு காலுறையும் இரண்டு நிறம். எங்கள் தேயிலை ஆலையில் ஏதோ ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, எஸ்டேட் தமிழ்ப்பள்ளி ஆசிரியனான என் வீட்டின் மறுபாதியில் குடியேறினார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். பலகை என்பதும் மரியாதைக்குச் சொல்வது. அந்தப் பக்கம் அப்பளம் நொறுங்கினால் இந்தப் பக்கம் நாக்கில் உப்புக் கரிக்கும்.

சாயங்காலமானால் ‘சர்ர்ரக்’ ஆரம்பித்துவிடும். இழுக்கிற சத்தம், ஒட்டுகிற சத்தம், மறுபடி பிய்க்கிற சத்தம். பெட்டி கட்டுகிறார், ஊரைக் காலி செய்யப் போகிறார் என்றே எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்க நம்பியது. வந்த மாதத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து, டாக்டரம்மா போகும்போது தன் அலமாரியை விற்பாரா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் நானே போய்க் கதவைத் தட்டினேன். மேசை முழுக்க ஒட்டுநாடாத் துண்டுகள், அவற்றில் வெள்ளி பூசினாற்போல் கரிய மினுக்கம். பென்சில் முனையில் இருக்கிற அதே கரிக்கல்தான். நாடாவில் ஒட்டி, மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, அதை ஏடு ஏடாக உரித்துக்கொண்டிருந்தார். உரித்து உரித்து ஒரே ஓர் அணு கனத்துக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் கிராபீன்.

“இதுக்கு மேல உரிக்க முடியாது சார். இதுக்குக் கீழ போனா வெறும் காத்து,” என்றார்.

ஆராய்ச்சிக்கான உரிப்பெல்லாம் கீழே ஆய்வுக்கூடத்தில் முடிந்துவிட்டதாம். இது கை சும்மா இருக்க முடியாமல் செய்வது. சிலர் நகம் கடிப்பார்கள்.

கொசுவலைகளின் மர்மம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விலகியது. இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தார். லயத்துச் சனம் முழுக்க முற்றத்தில். முதலில் ஒன்றும் தெரியவில்லை, வலைமேல் வலை. பிறகு மேல் வலையை ஒரு மயிரிழை திருகினார். அடுத்த கணம் வலையில் இல்லாத பெரிய பெரிய வட்டங்கள் தேன்கூடு போல எழும்பின. இன்னும் கொஞ்சம் திருகினால் வட்டங்கள் சுருங்கின. திருகலைக் குறைத்தால் வாசலளவு வீங்கின. கூட்டத்தில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

கரி ஏடு இரண்டை இதேபோல் லேசாகத் திருகி அடுக்கினால் அதற்குள்ளும் இப்படிப்பட்ட வட்டங்கள் எழுமாம். வழக்கமாகத் தலைதெறிக்க ஓடுகிற எலக்ட்ரான்கள் அங்கே வந்ததும் ஊர ஆரம்பிக்கும். அதனால் என்ன லாபம் என்று கேட்டேன்.

“சனிக்கிழம பிரிஞ்சாங் ரோட்ல ஜேம்ல மாட்டியிருக்கீங்களா சார்?”

“மாட்டாதவன் உண்டா?”

“வேகமாப் போற கார்க்காரனுக்குக் கடை தெரியாது. ஊர்ந்து போறவனுக்குச் சோளம் சுடுறது தெரியும், தேன் பாட்டில் தெரியும், விலை எழுதுன அட்டைகூடத் தெரியும். எலக்ட்ரானும் அப்படித்தான். ஊர்ந்து போறப்போதான் அது மேல வந்து விழுற சின்ன வெளிச்சத்தக்கூடக் கவனிக்கும்.”

அவர் சொன்ன வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அகச்சிவப்பு. சூடான எதுவும் அதை விட்டுக்கொண்டே இருக்கும்: அடுப்பு, நாய், தேநீர், கோபக்கார மனைவி. அதைத் துளித்துளியாகப் பிடிக்கிற சில்லு ஒன்றைச் செய்வதுதான் அவருடைய வாழ்க்கை. மற்ற வாழ்க்கை ஏதாவது இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருகல் அவருடைய கையிலும் ஏறிவிட்டிருந்தது. நேராக இருக்கிற எந்தப் பொருளையும் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. என் வீட்டுக்கு வந்தால் பேசிக்கொண்டே தட்டைத் திருப்புவார், பாயைத் திருப்புவார், சுவர்க் காலண்டரை ஒரு டிகிரி சாய்த்துவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தலையாட்டுவார். அவர் போனதும் நான் நேராக்குவேன். மறுநாள் மறுபடி சாய்ந்திருக்கும். அந்தக் காலண்டர் போய் வேறு காலண்டர் வந்து, அதுவும் சாய்ந்துதான் தொங்குகிறது. ஆணி சரியில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் லோரி விவகாரம். கொழுந்து மூட்டை ஏற்றிய எஸ்டேட் லோரியில் முன்சீட்டில் இடம் கேட்டு ஏறியிருக்கிறார். மலைவளைவில் திடீரென்று நிறுத்தச் சொல்லி, ரெண்டடி ரிவர்ஸ் போகச் சொன்னாராம். பின்னால் காய்கறி லோரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. யார்மீதாவது ஏற்றிவிட்டோமோ என்று டிரைவர் பதறிப்போய்ப் பின்னால் எடுத்திருக்கிறார். இவர் கண்ணாடியை இறக்கி, எதிர்ச் சரிவின் தேயிலை வரிசையும் அதற்குப் பின்னால் உள்ள சரிவின் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற கோணத்தைக் கண்டுபிடித்து, “இங்கதான், இங்கதான்” என்று உட்கார்ந்துவிட்டார். அந்தப் பச்சையில் அலையலையாக ஏதோ புரண்டதாக டிரைவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பெண்களை முன்சீட்டில் ஏற்றுவதில்லை.

மூட்டு வைத்தியம் தனிக் கதை. டாக்டர் என்று கேள்விப்பட்டுக் கொழுந்து பறிக்கிற பெண்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தார்கள். தான் அந்த டாக்டர் இல்லை என்று ஒரு வாரம் விளக்கிப் பார்த்தார். பிறகு விளக்கம் சொல்வதைவிட வைத்தியம் சுலபம் என்று முடிவு செய்தார். அவரிடம் கடையில் கிடைக்கிற சாதாரண வெப்பக் கேமரா ஒன்று இருந்தது. அதை முழங்காலுக்கு நேரே பிடித்து, “இடது காலு வலதவிட அரை டிகிரி சூடா இருக்கு, அக்கா” என்பார். மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. எந்தக் கால் குற்றவாளி என்று தெரிந்த திருப்தியில் அவர்கள் நொண்டாமல் திரும்பிப் போனார்கள்.

சில்லு விஷயத்துக்கு வருகிறேன். எத்தனையோ அடுக்கிப் பார்த்து, எத்தனையோ வழுக்கிப் போய், ஒன்றே ஒன்றில்தான் அவர் கேட்ட திருகல் கேட்டபடி அமைந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதி. அதைப் புதினா மிட்டாய் டப்பா ஒன்றில் பஞ்சுக்கு நடுவே வைத்திருந்தார். இப்படிப்பட்ட சில்லுகளுக்கு உயிரை உறைய வைக்கிற குளிர் வேண்டுமாம். தன்னுடையது ஒரு சின்னக் குளிர்பெட்டியும் மலைக்குளிரும் இருந்தால் வேலை செய்யும் என்பது அவர் வாதம். அதை நிரூபிக்கத்தான் இவ்வளவு மேலே ஏறி வந்திருந்தார்.

ஆலையில், நசுக்கிய கொழுந்து தட்டுகளில் பரவிக் கிடந்து புளித்துச் செம்பு நிறமாகிற அறையின் ஒரு மூலையில் கருவியை நிறுத்தினார். முதல்நாள் நான் டீக் கோப்பையோடு உள்ளே போனேன். எதிர்மூலையில் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு எகிறிக் குதித்தது.

“சாரோட டீயப் பாத்து மெஷினுக்கே எச்சில் ஊறுதுலா,” என்றார் செல்வமணி.

செல்வமணி எங்கள் ஆலையின் டிரையர்காரர். புளித்த இலையைச் சூடான காற்றில் காய வைக்கிற அந்த ராட்சத இயந்திரத்தோடு இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறவர். இலை புளிக்கும்போது உள்ளுக்குள் சூடு ஏறும். எந்தத் தட்டில் எந்த ஓரம் ஏறுகிறது என்பதைக் கருவி அறையின் மறுகோடியிலிருந்தே சொன்னது. செல்வமணி அங்கே போய்க் கையை வைத்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டுவார், ஏதோ தான் பெற்ற பிள்ளை வாய்ப்பாடு ஒப்பித்ததுபோல. முழங்கால் கேமராவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர்தான் கேட்டார்.

“அது நாம கத்துனாத்தான் கேக்கும், அண்ணே. இது முணுமுணுத்தாலே கேக்கும்.”

அந்த நாள்முதல் செல்வமணி கருவிக்குப் பக்கத்தில் முணுமுணுத்துத்தான் பேசினார்.

பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் கண்ணெதிரே சில்லு வேலை செய்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் இழுத்து மூடுவார்கள். கீழே அவரோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தத் திருகலை நம்பி மிச்சமிருந்தது இவர் ஒருவர், சில்லு ஒன்று. இதை என்னிடம் அரிசி விலை சொல்கிற குரலில் சொல்லிவிட்டு என் காலண்டரைச் சாய்த்தார்.

இந்த இடத்தில் டிரையர் மேடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேமரன் ஈரம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. இங்கே தோல் செருப்புக்குப் பச்சை மீசை முளைக்கும். உப்பு ஓடிப்போகும். பிறப்புப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் பூஞ்சையின் பிறப்புப் பத்திரமாகிவிடும். ஆகவே எங்கள் எஸ்டேட்டில் விலைமதிப்பான பொருள் எதுவும் வீட்டில் இருக்காது. டிரையருக்கு மேலே சூட்டுக்குழாயை ஒட்டி ஒரு செங்கல் திட்டு உண்டு; அதன்மேல் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகிற சப்பாத்து, அப்பளம், கல்யாண ஆல்பம், யாரோ ஒருவருடைய காதுக் கருவி, நான் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள். தாள்கள் தேயிலை மணத்தோடு திரும்பி வரும். மதிப்பெண் மட்டும் ஏறாது.

துரைக்கு, அதாவது எஸ்டேட் மேனேஜருக்கு, இது பிடிக்காது. ஆலை சுத்தமாக இருக்க வேண்டும், மேடையில் எதையாவது வைத்தால் வேலை போய்விடும் என்று அறிவிப்பே ஒட்டியிருந்தார். புதிதாக மாற்றலாகி வந்த மனிதர். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல்: வணக்கம், சீக்கிரம். அவருடைய கார் கீழ்வளைவில் ஹாரன் அடித்ததும் மேடையில் இருக்கிற அத்தனையும் தேயிலைச் சாக்குக்குள் போய்விடும். கார் வந்து நிற்கும்போது மேடை துடைத்துவிட்ட பலகை. இந்த ஒத்திகை எங்கள் ஊரில் தேசியகீதம் மாதிரி, சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

வருகிறவர்களை அழைத்துவர டாக்டர் முதல்நாளே தானா ராத்தாவுக்குக் கிளம்பினார். மழை என்றால் அப்படி மழை. டப்பாவை எடுத்துப் போகப் பயந்து செல்வமணியிடம் கொடுத்தார்.

“அண்ணே, காலையில வரைக்கும் இது உங்க பொறுப்பு. ஈரம் மட்டும் படவே கூடாது.”

செல்வமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஈரம் படக் கூடாது என்று எங்கள் எஸ்டேட்டில் ஒருவரிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் அது போகிற இடம் ஒன்றுதான். அத்தனை மாதம் எங்களோடு இருந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மழையைப் பார்த்துக்கொண்டே பேசியதால் அவருக்கு ஈரம் நினைவிருந்தது, சூடு நினைவில் வரவில்லை. செல்வமணி கல்யாண ஆல்பத்தை நகர்த்தி, காதுக் கருவியை ஒதுக்கி, குழாயை ஒட்டிய நடு இடத்தில், மேடையிலேயே மிகச் சூடான, ஆகவே மிக மரியாதையான இடத்தில் டப்பாவை வைத்தார்.

மறுநாள் காலை கார் ஹாரன் கேட்டது, மேடை காலியானது, டப்பா செல்வமணியின் சட்டைப்பைக்கு வந்து அங்கிருந்து டாக்டரின் கைக்குப் போனது. வந்தவர்களில் ஒருவர் நெட்டை, இன்னொருவர் சளி. துரையும் வந்து நின்றார். பள்ளி விடுமுறை என்பதால் எனக்கும் ஒரு பொறுப்பு ஒதுக்கப்பட்டிருந்தது: சைகை காட்டியதும் டீக் கோப்பையோடு அறைக்குக் குறுக்கே நடப்பது.

நடந்தேன். கோடு அசையவில்லை. திரும்பி நடந்தேன். அசையவில்லை. டீ ஆறிவிட்டதோ என்று செல்வமணி ஓடிப்போய்ப் புதிதாக, கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பை கொண்டுவந்தார். சூடு விரலைச் சுட, மணவறையைச் சுற்றுகிற மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடந்தேன். கோடு செத்த பாம்பாகக் கிடந்தது. சளிக்காரர் தும்மினார். அதற்கும் அசையவில்லை.

டாக்டர் சில்லைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தார். அப்புறம் காலி டப்பாவை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. செல்வமணியின் பக்கம் திரும்பித் தமிழில், சாதாரணமாகக் கேட்டார்.

“ராத்திரி எங்கண்ணே வெச்சிருந்தீங்க?”

“நடு மேடையில, டாக்டரம்மா. ஒரு பொட்டு ஈரம் பட்டிருக்காது.” அந்த முகத்தில் இருந்த பெருமையை அகச்சிவப்புக் கருவி இல்லாமலே பார்க்க முடிந்தது.

ஏடுகளுக்கு அடியில் இருந்த மெல்லிய பசை அந்தச் சூட்டில் இளகி, திருகி நின்ற மேல் ஏடு வழுக்கிக்கொண்டு தன் பழைய நேரான இடத்துக்கே திரும்பிவிட்டது. இதை அவர் பிறகு எனக்குச் சொன்னார்.

நெட்டைக்காரர் நல்ல மனிதர். ஆங்கிலத்தில் மென்மையாகத்தான் பேசினார். வெளியிலிருந்து ஏதாவது விபத்து நடந்திருந்தால் சொல்லுங்கள், அதை எழுதிக்கொண்டு இன்னொரு வாய்ப்புத் தரலாம். சில்லு தானாகவே தோற்றிருந்தால் முறையே பலவீனம் என்றாகிவிடும், அப்புறம் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றார். துரை குறுக்கிட்டு, டப்பா யாரிடம் இருந்தது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மேடைப் பக்கம் பார்த்தார். சுவரில் அறிவிப்பு இருந்தது. அதற்குக் கீழே செல்வமணி, ஆங்கிலம் பிடிபடாமல், எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

டப்பா என்னிடம்தான் இருந்தது, வெளியே ஒன்றும் நடக்கவில்லை என்றார் டாக்டர். இந்த ஏடுகளுக்கு நேராகப் படுக்கத்தான் ஆசை, எவ்வளவு திருகி வைத்தாலும் ஒருநாள் தாமாகத் திரும்பிவிடும் என்றும் சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்று நெட்டைக்காரர் இன்னொரு முறை கேட்டார். பிறகு எழுதிக்கொண்டார். ஆறிப்போகும் முன் குடிக்கச் சொல்லிச் செல்வமணி எல்லோருக்கும் டீ கொடுத்தார். நான் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். என் நடை முடிந்துவிட்டதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

அவர் பெட்டி கட்டிய வாரம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நாடா தீர்ந்துவிட்டதாம், கொழுந்து மூட்டை கட்டுகிற கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அலமாரியை விலை பேசியிருந்தவர்கள் யாரும் வரவில்லை, அவர் போகிறார் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கொசுவலையில் ஒன்றை எனக்குக் கொடுத்தார், மற்றொன்றைச் செல்வமணியின் மனைவிக்கு. அந்த அம்மா அதை மிளகாய் நாற்றின்மேல் போர்த்தியிருக்கிறார். என்னுடையது சும்மா இருக்கிறது. ஒரு வலையால் ஒன்றும் ஆவதில்லை.

செல்வமணியின் வேனில்தான் தானா ராத்தா பேருந்து நிலையத்துக்குப் போனோம். செல்வமணி சாமான்களை ஏற்றிவிட்டு, துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“டாக்டரம்மா, அன்னிக்கு டப்பாவக் கன்னத்துல வெச்சீங்க. சூடு பாத்தீங்கதானே?”

டாக்டர் பையின் வாரைச் சரிசெய்தார்.

“அது சூட்டுல கெட்டுப்போச்சா?”

“கெட்டுப் போகலண்ணே. நேராயிருச்சு, அவ்வளவுதான்.”

“அப்ப நான்தான்...”

“ஈரம் படக் கூடாதுன்னு சொன்னது நான். நீங்க ஒரு பொட்டு ஈரம் படாமத்தான் வெச்சிருந்தீங்க.”

“தொரைகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னா மேடைய இடிச்சிருப்பாரு. அப்புறம் சாரு பரீட்சப் பேப்பர எங்க காய வைப்பாரு?”

பேருந்துக்காரர் ஹாரன் அடித்தார். பழக்கதோஷத்தில் செல்வமணி ஒருகணம் சாக்கைத் தேடினார். டாக்டர் படியில் ஒரு காலை வைத்து, பைக்குள் துழாவி, சில்லு உள்ளே கிடந்த மிட்டாய் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்து, லேசாகச் சாய்த்துவிட்டார்.

“இந்தாங்க. இனிமே இத சூடு ஒண்ணும் பண்ணாது. நடு மேடையிலயே வைங்க, அண்ணே.”